கை தொய்ந்தால் காலம் தாழ்த்தாதீர்

(பங்கு யூபிலி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

பக்கவாதம் என்றதும் வாய் கோணுவதும், பேச்சுக் குழறுவதும், ஒரு பக்கக் கைகால் விழுவதுமே நம் நினைவுக்கு வரும். ஆனால் சில வேளை ஒரு மணிக்கட்டு மட்டும் திடீரெனத் தொய்ந்துவிடும். விரலை நீட்ட இயலாது. சட்டைப் பொத்தான் போட வராது. வலி இராது. முகமும் பேச்சும் நன்றாகவே இருக்கும். "கையை மடக்கிப் படுத்திருப்பாய், நரம்பு அமுங்கியிருக்கும்" என்று தைலம் தேய்த்துவிட்டு, மறுநாள் பார்க்கலாம் என்றிருந்துவிடுகிறோம்.

அப்படி நினைப்பதற்குக் காரணமும் உண்டு. மேற்கையில் ஓடும் நரம்பு உறக்கத்தில் அழுந்தினாலும் மணிக்கட்டு இவ்வாறே தொங்கும். ஆனால் மூளையின் மேற்பரப்பில் கையை இயக்குவதற்கென்றே முடிச்சுப் போன்ற ஒரு சிறு பகுதி இருக்கிறது. 1997இல் யூஸ்ரி என்ற மருத்துவரும் அவர் தோழர்களும் ஸ்கேன் படங்களில் அதை அடையாளம் காட்டினார்கள். அங்கே இரத்த ஓட்டம் அடைபட்டால் கை மட்டுமே செயலிழக்கலாம். மூளையின் உட்பகுதி பாதிக்கப்பட்டு, உதட்டோரமும் அதே பக்கத்து விரல்களும் மட்டும் மரத்துப்போவதும் உண்டு. இவையும் பக்கவாதமே.

கை முட்டியை இறுக்கும்போது மணிக்கட்டு நிமிர்கிறதா, தொங்கியே கிடக்கிறதா என்று மருத்துவர் பார்ப்பார். நிமிர்ந்தால் மூளையைச் சந்தேகிப்பார். அது அவர் வேலை. வீட்டில் சோதித்து நேரம் போக்க வேண்டாம். நாம் மறக்கக் கூடாத சொல் 'திடீரென' என்பதே. சர்க்கரை நோயிலும் தொழுநோயிலும் வரும் மரமரப்புப் பெரும்பாலும் மெல்லத்தான் வளரும்.

அடைப்பைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக 4½ மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். எல்லாருக்கும் அது பொருந்தாது. மருத்துவரே முடிவு செய்வார். ஆகவே, கடைசியாக நன்றாயிருந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு 108ஐ அழைப்போம். ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்கே கொண்டுசெல்லக் கேட்போம். நாமாக மாத்திரை கொடுக்க வேண்டாம். பத்து நிமிடத்தில் கை சரியானாலும் போயே ஆகவேண்டும். பெரிய தாக்குதலுக்கு அது முன்னறிவிப்பாக இருக்கலாம்.

லூக்கா நற்செய்தியின் நல்ல சமாரியன் காயத்தில் எண்ணெய் வார்த்ததோடு நின்றுவிடவில்லை. அடிபட்டவனைத் தன் விலங்கின்மேல் ஏற்றிச் சாவடிக்குக் கொண்டுபோனார். நாமும் எண்ணெயோடு நில்லாதிருப்போம்.