காமகுராவில் ஒரு பகல்

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



பயணக் கதை ஏதாவது சொல்லுங்கோ என்று சங்கச் செயலாளர் கேட்டிருந்தா. எங்கள் வகுப்புத் தோழிகள் ஐந்து பேர் யப்பானுக்குப் போய் வந்த படங்களை நீங்கள் வட்சப் குழுவில் பார்த்திருப்பீர்கள். அதில் சாப்பாட்டுப் படங்கள்தான் கூட. படத்தில் வராத ஒரு நாளைப் பற்றிச் சொல்லுவோம் என்று ஐவரும் கூடிப் பேசி முடிவெடுத்தோம். எங்களில் இரண்டு பேர் வைத்தியர்கள். ஆகையால் கதை கடைசியில் பிரசவ விடுதிக்குத்தான் போய் நிற்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காமகுரா, டோக்கியோவிலிருந்து ரயிலில் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். மூன்று பக்கம் குன்று, ஒரு பக்கம் கடல். சாமுராய்களின் முதல் அரசு 1333 வரை அங்கேதான் இருந்தது. கோயில்களுக்குக் குறைவில்லை. நாங்கள் பார்த்தது நாலே நாலு.

வட காமகுரா நிலையத்தில் இறங்கியவுடனேயே எங்ககுஜி. 1274இலும் 1281இலும் மொங்கோலியப் படைகள் கடல் வழியாக வந்து யப்பானைத் தாக்கின. அப்போது ஆட்சியை நடத்திய ஹோஜோ தொகிமுனே, 1282இல் இந்தக் கோயிலைக் கட்டுவித்தார். போரில் இறந்தவர்களின் நினைவுக்காக. தங்கள் பக்கத்தவர்களுக்கு மட்டுமல்ல, படையெடுத்து வந்து செத்தவர்களுக்கும் சேர்த்து. போர் முடிந்து அடுத்த வருடமே! இதை வாசித்துவிட்டு நாங்கள் மேற்கொண்டு ஒன்றும் பேசவில்லை. எங்கள் வயதுக்காரருக்கு ஏன் என்று விளக்கத் தேவையில்லை.

ரயில் பாதைக்கு மறுபக்கம், சில நிமிட நடையில் தொகேஜி. தொகிமுனே 1284இல் இளவயதிலேயே இறந்துபோக, அவருடைய மனைவி துறவியாகி, கக்குசான் என்ற பெயரோடு 1285இல் நிறுவிய கோயில் இது. அந்தக் காலத்தில் கணவன் மூன்றரை வரியில் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தால் மனைவியை விலக்கிவிடலாம். மனைவிக்கு அந்த உரிமை இல்லை. ஆனால் அவள் ஓடிவந்து இந்தக் கோயிலுக்குள் புகுந்துவிட்டால் எவரும் இழுத்துக்கொண்டு போக முடியாது. ஆரம்பத்தில் மூன்று வருடம், பின்னர் இரண்டு வருடம் அங்கே தங்கியிருந்தால் அவள் விடுதலை பெற்றவள். துரத்தி வருபவன் எட்டிப் பிடிக்கப் பார்த்தால், காற்செருப்பைக் கழற்றி வாசலுக்குள் எறிந்தாலே போதும், அவள் உள்ளே வந்துவிட்டதாகக் கணக்கு என்று சொல்வார்கள். 1873இல் பெண்களும் நீதிமன்றம் போகலாம் என்று சட்டம் வரும்வரை இது நடந்தது. ஆட்சிக் குடும்பத்து விதவை ஒருத்தி, தனக்குக் கிடைத்த செல்வாக்கை இப்படிச் செலவழித்திருக்கிறாள். வாசல் என்னவோ சிறியதுதான். நாங்கள் படியில் நின்று, செருப்பு எவ்வளவு தூரம் போகும் என்று அளந்து பார்த்தோம். விளையாட்டுப் பயிற்சிகளுக்கு ஒளித்துத் திரிந்தவர்கள் நாங்கள். எங்கள் செருப்பு உள்ளே போயிருக்குமோ தெரியாது.

பிறகு சின்ன மின்ரயிலில் மூன்றாவது நிலையமான ஹாசேயில் இறங்கி, பெரிய புத்தர். வெண்கலம், உயரம் 11 மீற்றருக்கு மேல், நிறை 121 தொன். 1252இல் வார்க்கத் தொடங்கியது. முன்பு அவரைச் சுற்றி ஒரு மண்டபம் இருந்ததாம். 15ஆம் நூற்றாண்டில் கடற்பேரலை அடித்துக்கொண்டு போனது என்கிறார்கள். அதிலிருந்து வெயிலிலும் மழையிலும் வெளியில்தான் இருக்கிறார். 2004ஐக் கண்ட எங்களுக்கு அந்தக் கூரையில்லாத இருப்பு விளங்கியது.

அதே வளவுக்குள் எங்கள் நாட்டின் முன்னாள் ஜனாதிபதி ஜே. ஆர். ஜயவர்தனவுக்கு ஒரு நினைவுக்கல் உண்டு. 1951இல் சான் பிரான்சிஸ்கோ மாநாட்டில், பகையைப் பகையால் தணிக்க முடியாது என்ற புத்தரின் வாக்கைச் சொல்லி, யப்பானிடம் இலங்கை நட்டஈடு கேட்காது என்று பேசியவர் அவர். யப்பானியர் அதை மறக்கவில்லை. 1983 ஜூலையில் ஜனாதிபதியாக இருந்தவரும் அவர்தான். நாங்களும் அதை மறக்கவில்லை. கல்லின் முன் படம் எடுக்கவில்லை.

மாலையானபோது ஹாசேதெரா. உள்ளே ஒன்பது மீற்றருக்கு மேல் உயரமான மரச்சிலை, பதினொரு முகம் கொண்ட கன்னொன். எங்கள் ஊர்களில் அவலோகிதேஸ்வரர் என்று அறிந்த அதே உரு. அடிவாரத்துக் குகையில் பென்சைத்தென், அதாவது எங்கள் சரஸ்வதி. வீணைக்குப் பதிலாக பிவா. நவராத்திரிக்கு மண்டபம் கழுவிய ஞாபகத்தில் ஆளுக்கொரு கும்பிடு போட்டோம்.

இவற்றுக்கு இடையில், படியேறும் வழியில்தான் ஜிசோ. க்ஷிதிகர்ப்பர் என்ற போதிசத்துவரின் யப்பானியப் பெயர். அடி உயரம்கூட இல்லாத கற்சிலைகள், மொட்டைத் தலை, குழந்தை முகம், வரிசை வரிசையாக, எண்ண முடியாத அளவு. கருவிலேயே கலைந்த, கலைத்த, இறந்து பிறந்த பிள்ளைகளுக்காகப் பெற்றோர் வைத்தவை. அப்படிப்பட்ட பிள்ளைக்கு அவர்களிடம் ஒரு சொல் இருக்கிறது: மிசுகோ, நீர்ப்பிள்ளை. அந்தப் பிள்ளைகளை ஜிசோ தன் அங்கிக்குள் ஒளித்துக் காப்பார் என்பது நம்பிக்கை. இந்த வழிபாடு பரவலானது 1970களில்தான். தாய்மாரின் குற்ற உணர்வில் காசு பார்க்கும் கோயில்களும் உண்டு என்று யப்பானியர்களே கண்டிக்கிறார்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் எங்களில் ஒருத்தி அந்த இடத்தை விட்டு நகரவில்லை. முப்பத்துநாலு கிழமையில் போன பிள்ளை. பெயர்கூடத் தெரிந்து வைத்திருந்தாளாம். பெயரைச் சொன்னாள். கொஞ்ச நேரத்தில் இன்னொருத்தி, எனக்கு இரண்டு என்றாள். பிறகு மூன்றாமவள். ஐந்து பேரில் மூன்று பேர். ஒரே விடுதியில் ஒரே பானைச் சோறு தின்று வளர்ந்த எங்களுக்குள் இத்தனை வருடமாக இந்தப் பேச்சு எழவே இல்லை. மூவரின் சம்மதத்தோடுதான் இதை இங்கே சொல்கிறோம்.

தெரிய வந்த கர்ப்பங்களில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது வரை கலைகின்றன. இந்த மண்டபத்திலும் எத்தனையோ பேர் இருப்பீர்கள். பிள்ளை இறந்து பிறந்தால் எங்கள் பக்கத்தில் என்ன நடக்கிறது? துணியில் சுற்றி எடுத்துப்போய்விடுவார்கள். "பாராதேங்கோ, பார்த்தால் மறக்கமாட்டியள்" என்பார்கள். நல்ல மனத்தோடு சொல்வதுதான். தாயோ மற்றத் தாய்மாரின் நடுவில், அழும் குழந்தைகளின் சத்தத்தில் படுத்திருப்பாள். மூன்றாம் நாள் பால் சுரக்கும். அதற்கு என்ன செய்வது என்றும் எவரும் சொல்லிக் கொடுத்திருக்கமாட்டார்கள். இன்று பல நாடுகளில் தாய் விரும்பினால் பிள்ளையைக் கையில் கொடுக்கிறார்கள், பாத அடையாளம் எடுத்துக் கொடுக்கிறார்கள், பெயர் வைக்கச் சொல்கிறார்கள். விரும்பாதவளை வற்புறுத்துவதில்லை.

நூற்றாண்டு வேலைகளின் பட்டியலில் மதிலும் மேடை விளக்கும் இருக்கின்றன, நல்லதுதான். அதோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளும்படி நாங்கள் ஐவரும் சங்கத்தைக் கேட்கிறோம். எங்கள் ஊர் வைத்தியசாலைப் பிரசவ விடுதிக்குப் பக்கத்தில் ஓர் அறை. கட்டில் ஒன்று, கதிரை இரண்டு, பூட்டக்கூடிய கதவு, யன்னலுக்குத் திரை. அங்கே வேலை செய்யும் தாதிமாருக்கும் மருத்துவமாதுக்களுக்கும் இரண்டு நாள் பயிற்சி. வைத்தியசாலையோடு பேசும் பொறுப்பை நாங்கள் இரு வைத்தியர்களும் எடுக்கிறோம். மதிப்பீட்டுத் தாள் பொருளாளர் அக்காவிடம் இருக்கிறது. தேநீர் இடைவேளையில் அவா வாசலடியில்தான் நிற்பா.