திடலைப் பூட்டிய கதை

(மறைக்கல்விப் பிள்ளைகளின் பெற்றோர் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



வெள்ளிவிழா என்றால் பங்கில் எழுந்த கட்டடங்களை எண்ணிச் சொல்வது வழக்கம். அதை விழாக்குழுச் செயலாளர் குறைவின்றிச் செய்துவிட்டார். நான் கோயிலுக்குப் பின்னால் உள்ள விளையாட்டுத் திடலைப் பற்றிப் பேச வந்தேன். பாவசங்கீர்த்தனம் கேட்கிறவனே இன்று சொல்கிறவனாக நிற்கிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் கோடை விடுமுறையில், கிரிக்கெட் ஆட்டத்தில் ‘அவுட்டா இல்லையா’ என்று எழுந்த சண்டை உங்களுக்கு நினைவிருக்கும். எந்தெந்தத் தெருப் பையன்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை. இரவு பத்து மணிக்கு இரு தெருப் பெரியவர்களும் பங்கு இல்லத்து வாசலில் நின்றார்கள். மறுநாள் காலை திடலுக்குப் பூட்டுப் போட்டேன். எல்லோரும் நல்ல காரியம் என்றீர்கள். மூன்று மாதம் ஊர் அமைதியாக இருந்தது.

அந்த அமைதியில் பிள்ளைகள் எங்கே இருந்தார்கள்? நம் தாய்மார் பலர் ஆம்பூர்ப் பக்கத்து ஷூ கம்பெனிகளுக்குப் போகிறவர்கள். பிள்ளை நாலரைக்கு வீட்டுக்கு வருகிறது. தாய் வர ஏழாகிறது. நான் சிறுவனாக இருந்தபோது அந்த நேரம் பாலாற்று மணலில் கழிந்தது. இன்று அந்த மணலும் இல்லை. தோல் கழிவால் ஆறு பட்ட பாட்டுக்கு 1996-ல் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொல்ல வேண்டியதாயிற்று. திடலையும் நான் பூட்டினேன். மிஞ்சியது செல்போன்தான்.

ஒரு நாள் நாலாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து கேட்டாள்: “சாமி, சண்டை போட்டது பெரிய பசங்க. எங்களுக்கு ஏன் பூட்டு?” பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

செமினாரியில் படித்த கடிதம் ஒன்று அப்போது நினைவுக்கு வந்தது. 1951-ல் திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரியைத் தொடங்கிய சலேசிய சபையாரை அறிவீர்கள். அவர்களுடைய சபையை நிறுவிய புனித தொன் போஸ்கோ, 1884 மே 10 அன்று ரோமையிலிருந்து தூரின் நகர இல்லத்தாருக்கு எழுதிய கடிதம் அது. தாம் கண்ட கனவை அதில் விவரிக்கிறார். முதலில் பழைய நாள் திடல்: ஓட்டமும் கூச்சலும், நடுவே குருக்களும் சேர்ந்து ஓடுகிறார்கள். பிறகு அன்றைய திடல்: பையன்கள் தூணில் சாய்ந்தும் மூலையில் கிசுகிசுத்தும் நிற்கிறார்கள், பெரியவர்களில் மிகச் சிலரே அவர்களோடு இருக்கிறார்கள். குறையை அவர் பெரியவர்களிடத்தில்தான் கண்டார். நானோ திடலுக்குள் கால் வைத்தது பூட்டும் நாளில் மட்டும்.

பூட்டைத் திறந்தேன். கிரிக்கெட் வேண்டாம், சடுகுடு ஆடுவோம், ஆனால் எங்கள் காலத்து வழக்கப்படி உத்தி பிரிக்க வேண்டும் என்றேன். இளம் பெற்றோருக்குத் தெரியாதிருக்கலாம், சொல்கிறேன். சம பலமுள்ள இருவர் இணையாகித் தோளில் கைபோட்டு ஒதுங்கிப் போய், ஒருவன் சூரியன், ஒருவன் சந்திரன் என்று இரகசியமாகப் பெயர் வைத்துக்கொண்டு திரும்பி வருவார்கள். எது வேண்டும் என்று கேட்பார்கள். தலைவன் பெயரைத்தான் கேட்கலாம், ஆளைக் கேட்க முடியாது.

அன்று பையன்கள் தம் தம் தெருவுக்குள்ளேயே இணை சேர்ந்தார்கள். எனக்கு வருத்தந்தான். ஆனால் உத்தியில் இணை பிரிந்து எதிரெதிர் அணிக்கல்லவா போகும்! ஆகவே ஒவ்வோர் அணியிலும் இந்தத் தெரு பாதி, அந்தத் தெரு பாதி ஆயிற்று. அவர்கள் கவனிக்குமுன் ஆட்டம் தொடங்கிவிட்டது. இது என் சாமர்த்தியம் அல்ல. என்றோ எந்தப் பிள்ளைகளோ கண்டுபிடித்த ஏற்பாடு.

சண்டை போட்ட இருவரும் ஒரே அணியில் விழுந்தார்கள். சடுகுடுவில் ஆட்டமிழந்தவன் வெளியே உட்கார வேண்டும். தன் அணியினர் எதிராளி ஒருவனை வீழ்த்தினால்தான் மீண்டும் உள்ளே வரலாம். ஒருவன் கோட்டுக்கு வெளியே குந்தியிருந்தான். மற்றவன் எதிராளியின் காலைப் பிடித்து மண்ணில் புரண்டான். வெளியே இருந்தவன் தொண்டை கிழியக் கத்தினான், “விடாதடா!” அயலானை நேசிப்பது பற்றி இருவரும் என்னிடம் பிழையில்லாமல் ஒப்பித்தவர்களே. அந்தக் கத்தலை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

அவர்கள் நண்பர்களாகிவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். பூசையில் இன்னும் வேறு வேறு பக்கந்தான். தெருவில் பார்த்தால் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், அவ்வளவே.

அந்தச் சிறுமியின் தம்பியும் ஆடுகிறான். ஓடிப்பிடிக்கும் ஆட்டத்தில் அவனைத் தொட்டாலும் அவுட் இல்லை, ஒப்புக்குச் சப்பாணி. பெயர் எனக்குப் பிடிக்கவில்லை, ஏற்பாடு பிடித்திருக்கிறது.

உங்களிடம் பணம் கேட்கவில்லை. ஞாயிறு மாலை நாலு மணிக்குத் திடலில் பெரியவர்கள் இருவர் வேண்டும், தெருவுக்கு ஒருவராக. வாக்குவாதம் வந்தால் உடனே தீர்ப்புச் சொல்லாதீர்கள். அவர்களே பேசித் தீர்க்கட்டும். கை ஓங்கினால் மட்டும் நடுவே போங்கள். உங்கள் பிள்ளை தோற்று அழுதால் அழைத்துக்கொண்டு போய்விடாதீர்கள். அடுத்த ஆட்டத்துக்கு அவனே எழுந்து வருவான். சாவி பங்கு இல்லத்துக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. நான் இல்லாவிட்டாலும் எடுத்துக்கொள்ளலாம்.