தொலைதூரத் தீவுகளும் கொடையாளரும்

(உரையின் எழுத்து வடிவம்)

வள்ளுவர் ஈகைக்கு ஓர் அதிகாரமும் ஒப்புரவுக்குத் தனியே மற்றோர் அதிகாரமும் வகுத்தார். வறியவர்க்கு ஒன்று கொடுப்பது ஈகை. ஊரின் தேவையை அறிந்து அதனோடு ஒத்து வாழ்வது ஒப்புரவு. கைப்பேசி வழியே நொடியில் பணம் அனுப்பும் வசதி ஈகையை எளிதாக்கிவிட்டது. அதே வசதி ஒப்புரவுக்கும் துணைசெய்யுமா என்பது ஆராயத்தக்கது. அந்தமான் நிக்கோபார் தீவுகள் இவ்வாராய்ச்சிக்கு ஏற்ற களமாகும்.

சென்னையிலிருந்து சுமார் 1,200 கிலோமீட்டர் தொலைவில் உள்ள இத்தீவுகளில் 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 3.8 லட்சம் மக்கள் வாழ்ந்தனர். நாட்டின் பெருநகரங்களில் வாழும் கொடையாளர் ஒருவர் கமோர்ட்டாவுக்கோ சிறிய அந்தமானுக்கோ நேரில் சென்று தம் பணம் பயன்பட்ட விதத்தைக் காண்பது அரிது. ஆகவே, அவருக்கும் தீவு மக்களுக்கும் இடையே பாலமாக நிற்கும் தன்னார்வத் தொண்டு நிறுவனத்தின் பொறுப்பு மிகப் பெரிது.

2004 தந்த படிப்பினை

2004 டிசம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலை இத்தீவுகளில், குறிப்பாகத் தென்பகுதியிலுள்ள நிக்கோபாரில், பேரழிவை விளைவித்தது. அப்போது உலகெங்கும் இணையத்தின் வழியாக நன்கொடை குவிந்தது. அமெசான் நிறுவனத்தின் இணையதளம் வழியே மட்டும் 1 கோடி டாலருக்கு மேல் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்திற்குத் திரட்டப்பட்டது. இரக்கத்தின் வேகத்திற்கு இணையம் ஈடுகொடுத்தது என்பதில் ஐயமில்லை.

ஆயினும் எது தேவை என்ற செய்தி அதே வேகத்தில் எதிர்த்திசையில் பயணம் செய்யவில்லை. நாகப்பட்டினம் கரையில் பழந்துணிகள் வீதியோரங்களில் குவிந்து கிடந்ததைத் தமிழக மக்கள் நன்கறிவர். கார் நிக்கோபாரில் இடர்ப்பாடு வேறு வடிவில் தோன்றியது. அங்குத் 'துஹெட்' எனப்படும் கூட்டுக் குடும்பமே நிலத்தையும் தென்னந்தோப்பையும் பொதுவாகப் பேணி வந்தது. இழப்பீடும் புதிய வீடுகளும் தனிக் குடும்பங்களை அலகாகக் கொண்டு வழங்கப்பட்டதால், அம்மரபுக்கு நெருக்கடி நேர்ந்ததை ஆய்வாளர் பலர் சுட்டிக்காட்டியுள்ளனர். கொடுக்கும் மனமும் பணமும் இருந்தும், கேட்டறியும் வழி குறைவாக இருந்தது.

கடலடிக் கம்பி வடம்

நெடுங்காலம் தீவுகளின் இணையத் தொடர்பு செயற்கைக்கோளையே நம்பியிருந்தது. அது வேகம் குறைந்ததாகவும் செலவு மிகுந்ததாகவும் இருந்தது. 2020 ஆகஸ்டு 10 அன்று சுமார் 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள சென்னை–அந்தமான் நிக்கோபார் கடலடிக் கண்ணாடி இழை வடம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. சுமார் 1,224 கோடி ரூபாய்ச் செலவில் அமைந்த இத்திட்டம், போர்ட் பிளேரையும் (2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்டது), கார் நிக்கோபார், கமோர்ட்டா, பெரிய நிக்கோபார், சிறிய அந்தமான் உள்ளிட்ட தீவுகளையும் இணைத்தது. படத்தையும் கணக்கையும் களச் செய்தியையும் அன்றன்றே அனுப்ப இது வழிசெய்தது.

இதனோடு வேறு மாற்றங்களும் சேர்ந்தன. 2016-இல் யு.பி.ஐ. பணப் பரிமாற்ற முறை அறிமுகமானது. 2017-ஆம் ஆண்டு நிதிச் சட்டம், வரிச்சலுகைக்குரிய ரொக்க நன்கொடையின் வரம்பை 10,000 ரூபாயிலிருந்து 2,000 ரூபாயாகக் குறைத்தது. 2021–22 நிதியாண்டு முதல், நன்கொடை விவரங்களை நிறுவனங்கள் மின்னணு முறையில் வருமான வரித் துறைக்கு அளிக்க வேண்டியதாயிற்று. ஆக, சிறு தொகை வழங்குவோரும் கணக்கில் இடம்பெறுகின்றனர். ஒரு செல்வரின் பெருங்கொடையை மட்டும் நம்பாமல், மாதந்தோறும் நூறு ரூபாய் அளிக்கும் ஆயிரவரை நாடும் வாய்ப்பு நிறுவனங்களுக்குக் கிட்டியுள்ளது.

எதைக் காட்டுவது, எதைத் தவிர்ப்பது?

கொடையாளரின் ஆர்வத்தைத் தூண்டத் துயருற்றோரின் படங்களை வெளியிடுவது எளிய வழியாகத் தோன்றலாம். தீவுகளில் அதற்குத் தெளிவான எல்லை உண்டு. 1956-ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறை, காப்பிடப் பகுதிகளில் வெளியார் நுழைவதைக் கட்டுப்படுத்துகிறது. ஜாராவா மக்களைப் படமெடுத்த காணொளி 2012-இல் பெருங்கண்டனத்திற்கு உள்ளானது. அவ்வாண்டே ஒழுங்குமுறையும் கடுமையாக்கப்பட்டது. நல்ல நோக்கம் இச்சட்டத்திற்கு விலக்கு ஆகாது. மனிதரின் மாண்பை விலையாகக் கொடுத்துத் திரட்டும் நிதி வளர்ச்சிக்கு உதவாது.

படங்களுக்கு மாற்றாகத் தரவுகளை முன்வைக்கலாம். 1976-இல் தொடங்கப்பட்ட சென்னை முதலைப் பண்ணை அறக்கட்டளை, 1990-இல் அந்தமான் நிக்கோபார் சுற்றுச்சூழல் குழுவை உருவாக்கியது. அதன் களநிலையம் வாண்டூரில் உள்ளது. ஆழிப்பேரலைக்குப் பின், சிறிய அந்தமானில் முட்டையிடும் பேராமைகளைக் கண்காணிக்கும் பணியில் இக்குழுவும் தக்ஷிண் அறக்கட்டளையும் இந்திய அறிவியல் கழகமும் ஈடுபட்டன. 2011 முதல் 2014 வரை பத்து ஆமைகளுக்குச் செயற்கைக்கோள் கருவி பொருத்தப்பட்டது. சில ஆமைகள் ஆஸ்திரேலியாவின் மேற்குப் பகுதியை நோக்கிச் சென்றன. ஒன்று 13,000 கிலோமீட்டருக்கு மேல் நீந்தி மொசாம்பிக் கரையை எட்டியது. இத்தகைய வழித்தட வரைபடம் எவரையும் புண்படுத்தாமல் பணியின் பயனை விளக்கவல்லது. நடப்பட்ட கன்றுகளுள் பிழைத்தவை எத்தனை, பள்ளிக்குத் திரும்பிய சிறுவர் எத்தனை பேர் என்பன போன்ற கணக்குகளும் அவ்வாறே.

செய்ய வேண்டுவன

முதலாவதாக, நிதி வேண்டுகோள் வெளியிடும் முன் அதன் வாசகம் தீவின் ஊர்த்தலைவர்களிடம் அவர்கள் மொழியில் படித்துக் காட்டப்பட வேண்டும். இரண்டாவதாக, குறிப்பிட்ட பணிக்குத் தேவைக்கு மேல் நிதி சேர்ந்தால், அதைக் கொடையாளரிடம் அறிவித்து வேறு பணிக்கு இசைவு பெற வேண்டும். மூன்றாவதாக, வெற்றியுடன் தோல்வியையும் அறிக்கையில் சொல்ல வேண்டும். கப்பல் தாமதத்தால் பணி நின்றதெனில் அதை மறைக்க வேண்டுவதில்லை. நான்காவதாக, கொடையாளரின் பெயர், தொலைபேசி எண் முதலியவற்றை அவர் இசைவின்றிப் பிறருக்கு அளித்தலாகாது.

கடலடி வடம் இருதிசையிலும் செய்தியைச் சுமக்கிறது. நிலப்பரப்பிலிருந்து பணமும் தீவிலிருந்து படமும் மட்டுமே அதில் செல்லுமாயின் பயன் பாதியே. தீவு மக்களின் தேவை, தயக்கம், மறுப்பு ஆகிய அனைத்தும் கொடையாளரின் செவிக்கு எட்டும்போதுதான் ஈகை ஒப்புரவாக வளரும்.