பையன் ரிஸ்க், பொண்ணு ரிஸ்க்

ஸ்கூல் விடுற நேரத்துல அடையாறு சிக்னல் பக்கம் பத்து நிமிஷம் நின்னு பாருங்க. ஒரே ஸ்கூட்டர்ல மூணு பேர் போவாங்க. ஓட்டுறது பிளஸ் ஒன் பையன், தலையில ஹெல்மெட் இருக்காது. பார்த்ததும் நமக்குப் பதறும். காலையில சாப்பிடாம வந்து, மத்தியானம் டிபன் பாக்ஸையும் பாதியில மூடிவெச்ச ஒரு பொண்ணு பக்கத்து பஸ் ஸ்டாப்புல நிப்பா. அவளைப் பார்த்து யாரும் பதற மாட்டோம். இன்னிக்கு எபிசோடு இந்த வித்தியாசத்தைப் பத்திதான்.

முதல்ல புகையிலை. அது பசங்க பிரச்சினைன்னுதானே நினைக்கிறோம்? இந்தியாவுல 2019-ல நடந்த உலக இளையோர் புகையிலைக் கணக்கெடுப்புல, 13 முதல் 15 வயசு வரைக்குமான மாணவர்கள்கிட்ட கேட்டாங்க. ஏதோ ஒரு வடிவத்துல புகையிலை பயன்படுத்துறவங்க பசங்கள்ல 9.6 சதவீதம், பொண்ணுங்கள்ல 7.4 சதவீதம். இடைவெளி அவ்வளவுதான். ஆனா சந்தேகம் பையன் மேலதான் வரும். பொண்ணு மாட்டினா, பழக்கத்தை எப்படி விடுறதுன்னு பேச்சு வராது, குடும்ப மானம்தான் முதல்ல வரும். அப்புறம் அவ யார்கிட்ட போய் உதவி கேப்பா?

அடுத்தது ரத்தசோகை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புப்படி, இந்தியாவுல 15-19 வயசுப் பொண்ணுங்கள்ல 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கு. அதே வயசுப் பசங்கள்ல 31 சதவீதம். மாதவிடாய் ஒரு காரணம், சரி. ஆனா டயட்னு சாப்பாட்டைத் தவிர்க்கிறதும் சேர்ந்துக்குது. டாய்லெட் சரியில்லைன்னு நாள் முழுக்கத் தண்ணி குடிக்காம இருக்கிறது, பி.டி. பீரியட்ல ஓரமா உட்கார்றது, இதுவும் ரிஸ்க்தான். ஆனா எதுவுமே தப்பு மாதிரி தெரியாது. ‘அமைதியான பொண்ணு’ன்னு நல்ல பேர் வேற கிடைக்கும்.

பசங்க கதை வேற. அவங்க ரிஸ்க் கண்ணுக்குத் தெரியும், ‘பையன்னா அப்படித்தான்’னு விட்டுடுவோம். 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தப்படி, 18 வயசு ஆகாதவங்க வண்டி ஓட்டி மாட்டினா, பெற்றோர் அல்லது வண்டி ஓனருக்கு 25,000 ரூபா அபராதம், 3 வருஷம் வரைக்கும் ஜெயில். ஓட்டினவனுக்கு 25 வயசு வரைக்கும் லைசென்ஸ் கிடையாது. சாவியைக் குடுக்கிறது பெரும்பாலும் அப்பாவோ, அண்ணனோதான்.

அதனால ஒரே அட்வைஸை ரெண்டு பேருக்கும் ஒப்பிக்கிறதுல பிரயோஜனம் இல்ல. வீட்டுல தம்பி இருந்தா வண்டிச் சாவியைக் கையில குடுக்காதீங்க. தங்கச்சி இருந்தா, மத்தியானம் என்ன சாப்பிட்டான்னு கேளுங்க. சும்மா வெயிட்டைப் பத்திக் கிண்டல் பண்ணாதீங்க. சிகரெட் விஷயம் தெரிஞ்சா, ரெண்டு பேர்கிட்டயும் ஒரே குரல்ல, கத்தாம பேசுங்க. சிகரெட் பாக்கெட் மேலயே 1800-11-2356ங்கிற இலவச நம்பர் இருக்கு. விடுறதுக்கு உதவி வேணும்னா அங்க கேக்கலாம். அந்த நம்பர் தங்கச்சிக்கும்தான்.

அடுத்த எபிசோடுல பார்க்கலாம்.