'நம்பு' என்றதும் நம்பிவிடலாமா?



ஜப்பான் காலம் என்றாலே நம் பெரியவர்களின் முகம் மாறிவிடும். 1941 டிசம்பரில் கோத்தா பாருவில் இறங்கிய ஜப்பானியப் படை 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூரைப் பிடித்தது. 1945 செப்டம்பரில் ஆங்கிலேயர் திரும்பும்வரை மூன்றரை ஆண்டுகள் துன்பம்தான். அந்தப் படை விட்டுச்சென்ற வாளும் துப்பாக்கியும் அவ்வப்போது வெளிப்படுகின்றன. ஒவ்வொன்றோடும் ஒரு கதையும் சேர்ந்தே வருகிறது. பொருள் அசலா, கதை உண்மையா? இதை எப்படி அறிவது?

அந்தப் படை பயன்படுத்திய '14ஆம் ஆண்டு வகை' கைத்துப்பாக்கியை எடுத்துக்கொள்வோம். அதை வடிவமைத்தவர் நம்பு கிஜிரோ என்ற படை அதிகாரி. எனவே எல்லாரும் 'நம்பு துப்பாக்கி' என்கிறார்கள். பெயர்தான் நம்பு, பார்த்தவுடன் நம்பிவிடக் கூடாது! எல்லாமே அவருடைய தொழிற்சாலையில் செய்யப்பட்டவை அல்ல. அரசாங்க ஆயுதசாலைகளிலும் செய்தார்கள்.

செய்தவர் யார் என்பதை வலப்பக்கத்து முத்திரை சொல்லும். நான்கு வட்டங்கள் பின்னிய முத்திரை டோக்கியோ, கொக்குரா ஆயுதசாலைகளுக்கு உரியது. நகோயா ஆயுதசாலைக்கு வேறு முத்திரை. அது அவ்வூர்க் கோட்டைக் கூரையிலுள்ள பொன் மீன்களைக் கொண்டு அமைந்தது.

அதே பக்கத்தில் தேதியும் இருக்கும். இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். ஜப்பானியர் மன்னரின் ஆட்சியாண்டைக் கொண்டு கணக்கிடுவார்கள். பெயரிலுள்ள 14 என்பது தைஷோ மன்னரின் 14ஆம் ஆண்டு, அதாவது 1925. பொறித்துள்ள தேதியோ அடுத்து வந்த ஷோவா மன்னரின் ஆண்டு. அதனுடன் 1925ஐக் கூட்ட வேண்டும். 16.5 என்றிருந்தால் 1941ஆம் ஆண்டு மே மாதம்.

அடுத்து, உறுப்புகள் எல்லாம் ஒரே துப்பாக்கியைச் சேர்ந்தவையா? வரிசை எண்ணின் கடைசி மூன்று இலக்கங்களைச் சிறு உறுப்புகளிலும் பொறித்திருப்பார்கள். தோட்டா நிரப்பும் மேகசினிலும் அந்த எண் இருக்கும். ஒன்றில் 482, மற்றொன்றில் 715 என்றிருந்தால், எங்கோ எப்போதோ உறுப்பு மாறியிருக்கிறது. விசையைச் சுற்றியுள்ள வளையத்தையும் பாருங்கள். குளிரில் கையுறை அணிந்து சுடுவதற்காக அதைப் பெரிதாக்கியது 1930களின் இறுதியில்தான். 1932ஆம் ஆண்டுத் துப்பாக்கியில் பெரிய வளையம் இருந்தால் அது பிறகு மாட்டியது. போரின் கடைசிக் கட்டத்தில் வேலைப்பாடு முரடாகிவிட்டது. எனவே 1945ஆம் ஆண்டுத் துப்பாக்கி மினுமினுவென்று பளபளத்தால் மகிழ வேண்டாம், ஐயப்பட வேண்டும். மெருகேற்றியவர் எழுத்தின் விளிம்பையும் சேர்த்தே தேய்த்திருப்பார். சாட்சியின் வாயை அடைப்பதற்குச் சமம் அது.

இதெல்லாம் நமக்கு எதற்கு என்று கேட்பீர்கள். சயாம் மரண ரயில் பாதை 1943 அக்டோபரில் போட்டு முடிக்கப்பட்டது. நம் தோட்டங்களிலிருந்து போன ஆயிரக்கணக்கான தமிழர்கள் அங்கே மடிந்தார்கள். 'பாதை போட்ட காலத்தில் அங்கே ஒரு ஜப்பானியனிடமிருந்து கைப்பற்றியது' என்று ஒருவர் ஒரு துப்பாக்கியைக் காட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதில் 19.3 என்றிருந்தால்? அது 1944 மார்ச்சில் செய்யப்பட்டது. கதை நிற்காது. தேதி பொருந்தினாலும் கதை மெய்யாகிவிடாது. நடந்திருக்கக்கூடும் என்று மட்டுமே சொல்லலாம். ஒரு பொய்க்கதை அம்பலமானால், கேட்பவர்கள் நம் தாத்தா பாட்டி பட்ட உண்மையான பாட்டையும் கட்டுக்கதை என்பார்கள். அதுதான் பெரிய இழப்பு.

ஓர் எச்சரிக்கை. இந்த ஆராய்ச்சியை அருங்காட்சியகத்தில், கண்ணாடிக்கு இப்பால் நின்று செய்யுங்கள். பழைய வீட்டிலோ நிலத்திலோ துப்பாக்கி அகப்பட்டால் தொடாதீர்கள், உடனே போலீசாருக்குச் சொல்லுங்கள். உள்ளே தோட்டா இருக்கலாம். மேலும், மலேசியாவில் 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி, உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருந்தால் 14 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் உண்டு.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்றார்கள் நம் முன்னோர். விசாரிப்போம், பிறகு நம்புவோம்.