மீந்த சோற்றில் ஒரு டப்பா வடகம்

(ஆண்டு விழாவில் பேசியது)

எனக்கு மைக்கில் பேசிப் பழக்கம் இல்லை. தெரிந்த வடகத்தைப் பற்றியே பேசிவிடுகிறேன்.

ராத்திரி மீந்த சோற்றில் தண்ணி ஊற்றி வைக்கிறோம். காலையில் பெரியவங்க சாப்பிடுவாங்க, பிள்ளைங்க தொடமாட்டாங்க. மிச்சம் மாட்டுத் தொட்டிக்குப் போகும். மாடு இல்லாத வீட்டில் குப்பைக்குத்தான். பங்குனி, சித்திரையில் அதைக் கொட்டாதீங்க. வெயில் சும்மா கிடைக்குது.

முதலில் மோந்து பாருங்க. ஊசிப்போன வாடை வந்தாலோ, நூல் மாதிரி இழுத்தாலோ வேண்டவே வேண்டாம். நல்ல சோறாக இருந்தால் தண்ணியை ஒட்டப் பிழிஞ்சிடுங்க. நாலு கிண்ணம் சோற்றுக்கு ஆறு பச்சை மிளகாய், ஒரு ஸ்பூன் சீரகம், கொஞ்சம் பெருங்காயம், உப்பு. இதையெல்லாம் முதலில் அரைச்சுட்டு, சோற்றைப் போட்டுக் கொரகொரன்னு ஒரு சுற்று. உப்பு நாக்குக்குக் கொஞ்சம் குறைவாகவே இருக்கட்டும். வடகம் காய்ந்து சுருங்கச் சுருங்க உப்பு தூக்கலாகிவிடும். வெள்ளை வேட்டியில் கிள்ளி வைங்க. சாயங்காலம் துணியைத் திருப்பிப் பின்பக்கம் தண்ணி தெளிச்சா உரிஞ்சு வரும். பிறகு தாம்பாளத்தில் போட்டு இன்னும் ரெண்டு மூணு நாள் வெயில். ஒன்றை ஒடிச்சுப் பாருங்க, படக்குன்னு ஒடியணும். வளைஞ்சா உள்ளே ஈரம் இருக்கு. அப்படியே டப்பாவில் போட்டால் பூஞ்சை பிடித்து மொத்தமும் போயிடும். காக்காவுக்காகக் கறுப்புக் குடையை விரிச்சு வைப்போம். எங்க தெருக் காக்கா அந்தக் குடை மேலேயே உட்காருது, அது வேற கதை.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வயல் வேலை இருக்காது, காய் விலை ஏறிடும். குழுத் தவணை மட்டும் தேதி தவறாம வரும். அப்போ ரசமும் நாலு வடகமும் இருந்தால் ஒரு வேளைக் காய்ச் செலவு மிச்சம்.

காய்ச்சலுக்கு வாங்கின ரொட்டி மீந்தாலும் இப்படித்தான். தோசைக்கல்லில் எண்ணெய் விடாம, சின்னத் தீயில் மொறுமொறுன்னு ஆகிறவரை வாட்டி, ஆறினதும் மிக்ஸியில் பொடிங்க. கடையில் விற்கிற ரஸ்க் தூள் மாதிரியேதான். கட்லெட்டுக்கும் மீன் வறுவலுக்கும் ஆகும். பச்சையாப் புள்ளி தெரிஞ்ச ரொட்டி மட்டும் ஆகாது.

இப்போ ஒரு விஷயம். எங்க குழுவில் இந்த மீந்த சோற்று வடகத்தையே பாக்கெட் போட்டு விற்கலாம்னு ஒரு பேச்சு இருக்கு. ஊக்குநர் அக்கா, "முதலே இல்லாத லாபம்"னு சொல்றாங்க. நான் ஒத்துக்கலை. என் வீட்டுச் சோறு எப்போ வடிச்சது, யார் கை பட்டதுன்னு எனக்குத் தெரியும். பத்து வீட்டுச் சோற்றுக்கு யார் பதில் சொல்றது? ஒரு பிள்ளைக்கு வயிற்றுவலி வந்தால் குழுப் பேரே கெட்டுப்போகும். விற்கிறதுக்குன்னா அன்னைக்கே புதுசா வடிப்போம். உணவுப் பாதுகாப்புப் பதிவு எடுத்து, அந்த நம்பரைப் பாக்கெட்டில் போடுவோம். லாபம் குறையும்தான், இல்லைன்னு சொல்லலை. அடுத்த மாதக் கூட்டத்தில் தீர்மானம் போடப்போறோம்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு வடகம் பொரிச்சு வைக்கச் சொல்லியிருக்கேன். எல்லாரும் தைரியமா எடுத்துக்குங்க, அது புதுச் சோற்றில் போட்டதுதான்.