குட்டையிலே கூலியில்லா வேலைக்காரர்

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆசிரியை ஆற்றிய உரை)



"டீச்சர், மில்லு குட்டை இப்படி நாறுதே, அதைச் சுத்தம் பண்ண மருந்தே கிடையாதா?" என்று ஒரு மாணவன் வகுப்பிலே கேட்டான். மருந்து குட்டைக்குள்ளேயே இருக்கிறது தம்பி என்றேன். அதற்குள் மணி அடித்துவிட்டது. மீதியை இன்று சொல்கிறேன்.

ஒரு டன் செம்பனை எண்ணெய் எடுத்தால் சுமார் இரண்டரை முதல் மூன்று டன் கழிவுநீர் வருகிறது. சூடான, புளிப்பான, பழுப்புத் தண்ணீர். ஆலையில் வேலை பார்க்கும் அண்ணன்மாருக்கு நான் சொல்லவேண்டியதில்லை. இது விஷமல்ல. எண்ணெய், நார், சர்க்கரை எல்லாம் கலந்த சாப்பாடு. வம்பே அதுதான்! அப்படியே ஆற்றில் விட்டால் அங்குள்ள பாக்டீரியாக்கள் விருந்து கொண்டாடி, தண்ணீரில் கரைந்த உயிர்வாயுவை எல்லாம் தீர்த்துவிடும். மீன்கள் மூச்சுமுட்டிச் சாகும்.

எவ்வளவு உயிர்வாயு செலவாகும் என்பதற்கு ஓர் அளவு உண்டு. பச்சைக் கழிவில் அது லிட்டருக்கு ஏறத்தாழ 25,000 மில்லிகிராம். 1977-ல் நம் நாட்டில் செம்பனை ஆலைகளுக்கென்றே விதிகள் வந்தன. 1978-ல் 5,000 வரை விட்டார்கள். படிப்படியாகக் குறைத்து 1984-ல் 100 என்றாக்கினார்கள். 25,000 எங்கே, 100 எங்கே!

இறக்கியவர்கள் அந்தப் பாக்டீரியாக்களே. ஆற்றில் செய்தால் கேடு. குட்டையில் செய்தால் உதவி. ஆழமான குட்டையில் காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் வேலை செய்து மீத்தேன் வாயுவைக் கொப்பளிக்கும். அதைப் பிடித்து மின்சாரம் எடுக்கும் ஆலைகளும் உண்டு. ஆழமில்லாத குட்டைகளில் காற்று வேண்டுபவை மீதியைப் பார்த்துக்கொள்ளும். அவற்றுக்கு வாயுமில்லை, பல்லுமில்லை. நொதி என்ற சாற்றை வெளியே விட்டு, உணவைக் கரைத்து உறிஞ்சிக்கொள்ளும். லைப்பேஸ் எண்ணெயை அறுக்கும். செல்லுலேஸ் நாரை அறுக்கும்.

கெட்டிக்காரப் பாக்டீரியாவை ஆராய்ச்சிக்கூடத்தில் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? குட்டைத் தண்ணீர் ஒரு பங்கு, சுத்த நீர் ஒன்பது பங்கு. அதிலிருந்து மறுபடி ஒரு பங்குக்கு ஒன்பது. இப்படிப் பத்து, நூறு, ஆயிரம், லட்சம் மடங்கு கரைத்து, கொழுப்புக் கலந்த அகர்-அகர் தட்டில் தடவுவார்கள். ஆமாம், நம் வீட்டில் பண்டிகைக்குக் காய்ச்சுகிற அதே அகர்-அகர்தான்! 1881-ல் ஜெர்மனியில் ஃபேனி ஹெஸ்ஸே என்ற அம்மையார் சொன்ன யோசனை அது. ஜாவாவில் வாழ்ந்த அண்டைவீட்டாரிடம் அவர் கற்றதாம். பட்டம் பெற்றவர்கள் தேடியது அடுப்படியில் இருந்தது.

ஓரிரு நாளில் தட்டில் புள்ளிகள் முளைக்கும். கலங்கலான தட்டில் எந்தப் புள்ளியைச் சுற்றித் தெளிந்த வளையம் விழுகிறதோ, அது கொழுப்பை அறுக்கிறது. அதை மட்டும் கம்பியால் தொட்டெடுத்துத் தனியே வளர்ப்பார்கள்.

கஷ்டம் அதற்குப் பிறகுதான். தட்டில் சூரப்புலியாக இருந்தது குட்டையில் இறங்கினால், அங்கே குடியிருக்கும் கூட்டத்திடம் தோற்றுப்போகலாம். ஆகவே பொட்டலத்தில் பாக்டீரியா வாங்கிக் கொட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்பதை நான் நம்பவில்லை. சேறு வாரி, சூடும் புளிப்பும் பார்த்துக் குட்டையைக் காக்கும் தொழிலாளியின் கை இல்லாமல் எந்தப் பாக்டீரியாவும் நிலைக்காது. அந்த வேலையை யாரும் மட்டமாகப் பேசவேண்டாம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. குட்டைமேல் படியும் ஆடை தரை மாதிரித் தெரியும். கால் வைத்தால் உள்ளே இழுத்துவிடும். பந்து விழுந்தாலும் பிள்ளைகள் எடுக்கப் போகக்கூடாது. சோதனை செய்கிறோம் என்று அந்தத் தண்ணீரைப் புட்டியில் பிடித்து வரவும் கூடாது. நோய்க்கிருமியும் அதில் இருக்கலாம்.

சோதனை பார்க்க ஆசையிருந்தால் அறிவியல் மூலைக்கு வாருங்கள். ஆறிய சோற்றுக்கஞ்சியில் ஐயோடின் விட்டால் நீலமாகும். உமிழ்நீர் கலந்து சற்று நேரம் வைத்த கஞ்சியில் அந்த நீலம் வராது. நம் வாயிலும் நொதி உண்டு. ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் இரண்டு கிண்ணம் வைத்துக் காத்திருக்கிறார்கள். தேநீருக்குப் போகுமுன் ஒரு நடை பார்த்துவிட்டுப் போங்கள்.